அண்ணாச்சி மெயினை இறக்கிவிட்டார்

கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவன் இருக்கிறான் என்பது, சர்வர் நின்ற பிறகுதான் ஊருக்குத் தெரியும். அதுவரை அவன் ஏசி அறையில் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்தே அழலாம். நான் மாட்டிக்கொண்டிருப்பது பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில். வருகிறவர்களின் படங்கள் அத்தனையும் ஒரே சர்வரில் இருக்கின்றன.

கடையடைப்பு

முதலாளி அண்ணாச்சி முன்பு டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையடைக்கும்போது மெயின் சுவிட்சை இறக்கி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் பழக்கம். இங்கேயும் அதையே செய்தார். சர்வரிலுள்ள படங்கள் இன்னொரு டிஸ்க்கில் நகலாவதோ எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு. பகலில் ஓடவிட்டால் ஸ்கேன் வேலை நகராது. மெயினை இறக்கினால் நகல் எங்கிருந்து வரும்? காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"ராத்திரி யாருவே ஸ்கேன் எடுக்க வாரா? நாமளும் தூங்குதோம், அதுவும் தூங்கட்டும்."

ரோஜாப்பூ

நான் சொன்னால்தானே காதில் ஏறாது, போன் சொன்னால்? அண்ணாச்சி புது ஸ்மார்ட்போனைக் கீழே வைப்பதே இல்லை. காலையில் சர்வரைப் போட்டதும், 'நேற்று நகல் எடுக்கவில்லை, உடனே கவனிக்கவும்' என்று அவருடைய வாட்ஸ்அப்புக்கே செய்தி போகும்படி செய்தேன். ஒரு வாரமாகியும் அசைவில்லை. "அண்ணாச்சி, சர்வர் தெனமும் மெசேஜ் போடுதே, பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

போனை நீட்டினார். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் கீழே ஒரு ரோஜாப்பூ, அதன்மேல் 'இனிய காலை வணக்கம்'.

"அது போட்ட ஒடனே நானும் பதில் போட்டிருக்கேன்லா, இன்னும் என்னவே செய்யணும்?"

சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் போவதற்குள் சர்வரைப் போட்டுவிட்டிருந்தார்கள்; உள்ளே நுழைந்தால் சர்வர் அறை அனலாய்க் கொதிக்கிறது. வரவேற்பில் இருக்கும் செல்வி அக்கா, பக்தி சிரத்தையோடு, சர்வரில் காற்று போகிற ஓட்டைகளாகப் பார்த்துச் சந்தனத்தை அப்பியிருந்தார். அதன்மேல் பொட்டு, பொட்டின்மேல் மாலை. உள்ளே மின்விசிறி ஒன்று சிக்கித் திணறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஈரத்துணியை எடுத்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்கு வச்ச சந்தனத்தத் தொடைக்கியளே தம்பி, ஒங்களுக்கே நல்லாருக்கா?"

புன்னக்காயலிலிருந்து வந்தவர்

ஐப்பசியில் சர்வரின் டிஸ்க் போயே போய்விட்டது. நான் துடைத்ததுதான் காரணம் என்று செல்வி அக்கா இன்றும் நம்புகிறார். சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம், ஒன்றும் தேறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்வருக்குப் புது டிஸ்க் போட்டுவிட்டு நகல் டிஸ்க்கைத் திறந்தால், புதிதாக வாங்கியபோது இருந்த வெறுமை அப்படியே இருந்தது.

அந்த வாரம் புன்னக்காயலிலிருந்து ரெஜினா அக்கா வந்தார். மீன்பிடிக்கப் போகும் அவர் கணவருக்குத் தலையில் கட்டி. போன வருஷம் இங்கேதான் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல முடியும் என்று டாக்டர் அனுப்பியிருக்கிறார். வீட்டிலிருந்த படம் வெள்ளத்தோடு போய்விட்டதாம். "அதனாலென்ன, கம்ப்யூட்டர்ல இருக்கும்லா" என்று நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார். கணவர் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அண்ணாச்சி போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இல்லை என்று நான்தான் சொன்னேன். ரெஜினா அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்க வீட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி வந்துச்சு தம்பி. இங்கன என்ன வந்துச்சு?"

அன்று மாலையும் அண்ணாச்சி கை தன்னால் மெயினை இறக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டிய சர்வர் நிம்மதியாகத் தூங்குகிறது, அதற்கும் சேர்த்து நான்தான் விழித்திருக்கிறேன்.