குன்றை வெட்டாத நோட்டீஸ்

நார்வேயின் வடகோடியில், கடலும் சதுப்பும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும் ஸ்கார்விக் ஊரில், சாவு அறிவிப்பு முதல் சர்ச் விருந்து வரை அச்சேறுகிற எதையும் வடிவமைத்துக் கொடுப்பவள் குன்வோர். வயது ஐம்பத்தெட்டு. ஆறு வருஷத்துக்கு முன் பனிவண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டு, அவள் காதில் விழுந்ததோ என்று திரும்பியும் பார்த்துக்கொள்ளும்.

காடுமேடெல்லாம் போகிற சக்கர நாற்காலி ஒன்றுக்கு விளம்பர நோட்டீஸ் வேண்டும் என்று தெற்கே ஒரு கம்பெனி கேட்டபோது, அவள் ஒரே நிபந்தனை போட்டாள். ஏறிப் பார்க்காமல் எழுதமாட்டேன். நாற்காலி வந்தது. படகுத் துடுப்பு மாதிரி இரண்டு நெம்புகோல், பூசணிக்காய்ப் பருமனில் சக்கரம், பின்னால் தள்ளக் கைப்பிடியே கிடையாது. கோடை முழுக்க அதில்தான் சுற்றினாள். கடற்கரைக் கூழாங்கல்லில் அவள் போன வேகத்தில் கடற்காக்கைகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

அக்டோபரில் முதல் பனி விழுந்த வாரம், விற்பனை அதிகாரி ஹென்னிங் நோட்டீஸுக்கான படத்தை அனுப்பினான். திறந்து பார்த்தவளுக்குக் காப்பி கசந்துபோயிற்று. மடியில் போர்வை போர்த்திய ஓர் இளம்பெண் நாற்காலியில் சாய்ந்து வானத்தைப் பார்க்கிறாள். இல்லாத கைப்பிடியை எங்கிருந்தோ பிடித்துவந்து மாட்டி, கட்டுமஸ்தான ஒருவன் பின்னால் நின்று தள்ளுகிறான். மேலே கொட்டை எழுத்தில்: ‘உங்கள் அன்புக்குரியவரைத் தூய காற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள்.’

குன்வோர் உடனே போன் போட்டாள்.

“அந்தப் பொண்ணு நல்லா நடக்கிறவ,” என்றாள்.

எப்படித் தெரியும் என்று ஹென்னிங் கேட்டான்.

“பூட்ஸ் அடியைப் பாருங்க. குதிகால் தேஞ்சு, சேறு அப்பியிருக்கு. நான் ஆறு வருஷமா ஒரே ஜோடிதான் போடறேன். அடியில ஒட்டின விலைச்சீட்டு இன்னும் உரியல.”

வாங்குகிறவர்கள் இதையெல்லாம் கவனிக்கமாட்டார்கள் என்றான் அவன்.

“வாங்கறவங்கதான் முதல்ல அதைப் பார்ப்பாங்க. உங்களை மாதிரி ஆளுங்க வாங்கவா போறீங்க, பின்னால நின்னு தள்ளத்தானே போறீங்க. அதென்ன ‘அழைத்துச் செல்லுங்கள்’? நாயா நாங்க?”

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் வேறு நல்ல படம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் இதேதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

படம் இருந்தது. அதுதான் சங்கடம்.

ஆகஸ்ட் கடைசியில், சதுப்பில் மட்டுமே விளையும் முல்த்தே பழம் பொன்னாகப் பழுத்த நாளில், தன்னந்தனியாகப் போய், கேமராவைக் கல்மேல் வைத்துத் தானே எடுத்துக்கொண்ட படம். மடியில் வாளி நிறையப் பழம். அவளுக்குப் பின்னால் சாலையிலிருந்து சதுப்பின் குறுக்கே வரும் இரண்டு சக்கரத் தடங்கள். மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை. தடம் தொடங்கும் இடத்தில், உச்சியில் கோடாலியால் கொத்தியது போலப் பிளந்த ஒரு குன்று. ஸ்கார்விக்கில் தொட்டில் குழந்தைகூட அந்தக் குன்றை அடையாளம் சொல்லும்.

அந்த ஊரில் புருஷனைக் காட்டிக்கொடுத்தாலும் கொடுப்பார்களே தவிர, பழம் பறிக்கும் சதுப்பைக் காட்டிக்கொடுக்கமாட்டார்கள். சாகக் கிடக்கிற கிழவர் பிள்ளைக்கு வழி சொல்லும்போதும், பிழைத்து எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கடைசித் திருப்பத்தை மட்டும் முழுங்கிக்கொள்வார். குன்வோரின் அப்பா அந்த இடத்தை அவளுக்கும் தம்பி ஒட்வாருக்கும் மட்டுமே காட்டினார். ஒட்வாரின் மனைவி இருபது வருஷமாக அவன் மீன் பிடிக்கப் போவதாகவே நம்புகிறாள். மீன் வராததற்கு அவன் கைராசியைத் திட்டுகிறாள்.

குன்வோர் திரையில் படத்திலிருந்து குன்றை வெட்டிப் பார்த்தாள். குன்றோடு தடமும் போயிற்று. மிஞ்சியது புல்லில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளை. யாரோ தூக்கிவந்து இறக்கினார்கள் என்பான் பார்க்கிறவன். வேறொரு குன்றை ஒட்டவைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. பொருந்தியதும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இதைச் செய்தால் அந்தப் போர்வைக்காரிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அழித்துவிட்டு, தம்பியை வரச்சொன்னாள்.

ஒட்வார் திரையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

“குன்றை வெட்டிடுக்கா. அப்பா குழியில புரளுவாரு.”

“புரளட்டும். எவ்வளவு காலமா ஒரே பக்கமாப் படுத்திருக்காரு.”

“உனக்கு என்ன குறை வச்சேன்? வருஷா வருஷம் அரை வாளி கொண்டாந்து வாசல்ல வைக்கல?”

அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கேதான் உடைந்தது.

“எதுல அரை வாளிடா? அந்தச் சதுப்புல பாதி என்னுது. என் பாதியில அரை வாளி எடுத்து எனக்கே தானம் பண்ணிட்டு, நான் சுட்ட வாஃபிளையும் தின்னுட்டுப் போவ. கம்பெனிக்காரன் அனுப்பின படத்துல ஒருத்தன் பொய்யாவாவது தள்ளுறான், நீ அதுகூடத் தள்ளலியே. ஆறு வருஷத்துல ஒரு தடவை, ஒரே தடவை, ‘அக்கா, வரியா’ன்னு கேட்டியா?”

ஒட்வார் காப்பிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“கேட்டா அழுவியோன்னு நினைச்சேன்.”

“அழுதிருப்பேன். அழுதுட்டுக் கிளம்பியிருப்பேன்.”

“அந்தப் படத்துல என் பாதியும் இருக்குக்கா.”

“அதனாலதான் கூப்பிட்டேன். கேக்காமலே முடிவு பண்றது உன் பழக்கம்.”

அவன் காப்பியை முடித்து எழுந்தான். கதவருகில் நின்று, “போடறதுதான் போடற, எழுத்தைப் பெரிசாப் போடு,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெரிதாகத்தான் போட்டாள். ‘தள்ள ஆள் வேண்டாம்.’ அதன்கீழே சின்னதாக: ‘சாலையிலிருந்து நானூறு மீட்டர் சதுப்பு. தனியாக.’ ஹென்னிங் முனகினான். அந்தப் போர்வைக்காரியின் பூட்ஸ் அடியைப் பெரிதாக்கி ஊர் கூட்டுறவுக் கடை வாசலில் ஒட்டட்டுமா என்று அவள் விசாரித்தபின், மறுபேச்சில்லாமல் அச்சுக்கு அனுப்பினான்.

அடுத்த ஆகஸ்டில் குன்றடியில் ஒன்பது கார்கள் நின்றன. ஒட்வாரின் மனைவியே ஒன்றிலிருந்து வாளியோடு இறங்கினாள். அவள் புருஷன் பாடு அவனோடு. முழங்காலளவு சேற்றில் புதைந்து திணறியவர்களைச் சட்டைசெய்யாமல் குன்வோர் நெம்புகோலை இழுத்து நடுச் சதுப்புக்குப் போனாள். அங்கே, பழம் மிக அடர்த்தியாகக் கிடக்கும் மேட்டில், அதே மாதிரி நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருத்தி இருந்தாள். மடியில் முக்கால் வாளி.

“இது யாரு இடம்னு தெரியுமா?” என்றாள் குன்வோர்.

“தெரியும். நோட்டீஸ்ல பார்த்துதான் வந்தேன்.” பறிப்பதை அவள் நிறுத்தவில்லை.

“எந்த ஊரு?”

“அதைச் சொன்னா எங்க சதுப்பு எங்கன்னு கேப்பீங்க.”

குன்வோருக்கு உச்சந்தலை சுட்டது. திருடி, வெட்கம்கெட்டவள், அடுத்தவள் தட்டில் கை வைக்கிறவள் என்று வாயில் வந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டினாள். நாற்காலியில் இருக்கிறாளே என்று ஒரு வசவைக்கூடக் குறைக்கவில்லை. அந்தப் பெண்ணும் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தபடியே, பழம் இன்னும் பறிபடாத மேட்டின் மறுபக்கம் சக்கரத்தைத் திருப்ப, குன்வோர் குறுக்கே பாய்ந்து தன் சக்கரத்தைச் செருகினாள்.