கப்பல் வரும் நாளெல்லாம் இறந்தவர்

என் அப்பா செப்டிமஸ் கிராஃபோர்டை நான் ஆறு வருடம் கொன்றுகொண்டிருந்தேன். வாரத்துக்கு மூன்று கப்பல் என்றால் மூன்று முறை. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ஒரே நாளில் இரண்டு முறைகூட. அப்போதெல்லாம் அவர் எங்கள் ஊரான லிமோனில் துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாக, நல்ல சுகத்தோடு உட்கார்ந்திருந்தார். இதை எழுதக் கூசுகிறது. கூசட்டும், எழுதுகிறேன்.

அவர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி என் வாயிலிருந்து உண்மை வந்தது குறைவு.

முப்பத்தோரு வருடம் அவர் துறைமேடையில் வடம் பிடித்தார். கப்பல் கரையை நெருங்கும்போது மேலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தொடை கனத்துக்கு வடம் வரும். நாலைந்து பேராக அதைத் தூக்கிக்கொண்டு ஓடி இரும்புக் கட்டையில் மாட்ட வேண்டும். இறுகி நிற்கிற வடம் அறுந்தால் ஆளை இரண்டாக வெட்டிப் போட்டுவிடும். அப்பாவுக்கு ஒரு விரல் நகம்கூடப் போனதில்லை. அவரோடு வேலை பார்த்த யாருக்கும் எதுவும் ஆனதில்லை. அவர் கட்டிய கப்பல் ஒன்றும் அவிழ்ந்து போனதில்லை. முப்பத்தோரு வருடமும் ஒன்றுமே நடக்கவில்லை, அவ்வளவுதான் அவர் கதை.

மேலே உல்லாசக் கப்பலின் பால்கனிகளில் வெள்ளை அங்கியோடு காபி குடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அவருடைய தொப்பியின் உச்சி தெரிந்திருந்தால் அதிகம். சின்ன வயதில் வேலிக்கு வெளியே நின்று அவர் வடம் பிடிப்பதைப் பார்ப்பேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. மேலே நிற்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப் பாலில் சோறும் பயறும் வேகவைத்து, மீன் குழம்பு வைப்பார். என் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டு, காலரைப் புறங்கையால்தான் தடவிச் சரிசெய்வார். உள்ளங்கை பட்டால் துணியில் நூல் பிரிந்துவிடும், அவ்வளவு சொரசொரப்பு. ஓய்வு பெற்ற பிறகும் கப்பல் நாள் தவறாமல் வாசல் பெஞ்சுக்கு வந்து, புதுப் பையன்கள் வடம் மாட்டுவதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்.

நான் கப்பல் பயணிகளுக்கு வழிகாட்டியானேன். காலையில் பஸ்ஸில் ஏற்றி, வாழைத் தோட்டம் காட்டி, வாய்க்காலில் படகு விட்டு, மரத்தில் தொங்கும் பிராணிகளைக் காட்டி, மூன்றரைக்குள் கப்பலில் சேர்த்துவிட வேண்டும். முதல் வருடம் ஒருநாள், மத்தினா என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. ஏசியும் வேலை செய்யவில்லை. வாழையைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லியாயிற்று. பயணிகள் முனக ஆரம்பித்தார்கள். பக்கத்தில் ஆற்றின் மேல் துருப்பிடித்த பழைய ரயில் பாலம் ஒன்று நின்றது.

"அது என்ன பாலம்?" என்று ஒருவர் கேட்டார்.

"அங்கதான் எங்கப்பா செத்தார்" என்று நான் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சொன்னதும் பஸ் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்தது. அந்தப் பார்வைக்கு நான் விழுந்துவிட்டேன். வாழை ஏற்றிய ரயில், தடம் புரண்ட பெட்டி, பதினோரு வயதுப் பையன் கரையில் நின்று பார்த்தது என்று வாய் தானாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அவர் பேர் என்னப்பா?" என்றாள். வேறு பெயர் யோசிக்க நேரமில்லை. உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த கப்பலுக்கும் சொன்னேன். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எங்கே ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் கைவந்துவிட்டது. எங்கள் டிரைவர் சிப்ரியானோவுக்கு அப்பாவை நன்றாகத் தெரியும். காலையில் சாவியைத் திருகிக்கொண்டே கேட்பான்:

"என்ன வாத்தியாரே, இன்னிக்கு உங்கப்பாவ எத்தன மணிக்குக் கொல்றீங்க? பதினொண்ணா, பதினொண்ணரையா? அதுக்கேத்த மாதிரி வண்டிய விரட்டணும்ல."

"வாய மூடிட்டு ஓட்டுய்யா."

"எனக்கென்ன. நேத்து சாயங்காலம் டோமினோவுல என்னைத் தோக்கடிச்ச மனுஷன் இன்னிக்கும் சாகணுமான்னு கேட்டேன்."

சிரித்துவிட்டு மைக்கை எடுத்துக்கொள்வேன்.

கப்பலில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத எட்டுப் பேரை ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார வைப்பார்கள். பத்து நாளும் அதே முகங்கள். நடனப் பாடம், பிங்கோ, பாட்டுக்குழு என்று பொழுதை ஓட்டினாலும், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கதை வேண்டும். பகலில் கரையில் பார்த்ததை யார் நன்றாகச் சொல்கிறாரோ அவருக்குத்தான் அன்றைக்கு மேசையில் மதிப்பு. என் அப்பாவின் சாவு எத்தனையோ மேசைகளில் பரிமாறப்பட்டிருக்கும். அதில் எனக்கு உள்ளூரக் கர்வம் வேறு.

ஏழாவது வருடம் பிப்ரவரியில் ஒரு கப்பல் வந்தது. நான் பெயர் அட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மஞ்சள் பனியன் போட்ட எட்டுப் பேர் என்னைப் பார்த்ததும் கை தட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். நெஞ்சில் 'நாற்பத்திரண்டாம் மேசை' என்று எழுதியிருந்தது. முன்னால் வந்தவள் வெர்னா, கனடாவில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருடம் என் பஸ்ஸில் வந்து அதிகம் அழுதவள் அவள்தான்.

"ஆல்ரிக்! உங்கப்பா கதையக் கேட்ட அன்னிக்கு ராத்திரிதான் நாங்க எட்டுப் பேரும் ஒண்ணாச் சேந்து அழுதோம். அதுவரைக்கும் உப்பக் குடு, மிளகக் குடுன்னுதான் பேசிட்டு இருந்தோம். இப்ப நாங்க ஒரு குடும்பம். அவர் பேருக்கு ஏதாவது செய்யணும்னு இதே கப்பல்ல மறுபடி வந்திருக்கோம்."

அவள் கணவர் ஆர்வில் அதிகம் பேசாத தச்சர். துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்துக் காட்டினார். குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து செதுக்கிய மரப்பலகை. 'செப்டிமஸ் கிராஃபோர்டு. இந்தப் பாலத்தில் உயிர் நீத்தார். அன்பான தந்தை.'

எழுத்து ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. 

"கப்பல்ல பாட்டுக்குழு முப்பது பேரும் மூணு நாளா ஒத்திகை பாத்திருக்கோம். பாலத்துல பாடப் போறோம்" என்றாள் வெர்னா. "உன் வீட்டு ஆளுங்க யாராவது வந்தா நல்லா இருக்குமே."

"யாரும் இல்லம்மா" என்றேன். அது வேகமாக வந்தது.

"பொய் சொல்லாத, கண்டுபிடிச்சுட்டோம்!" என்று அவள் என் கன்னத்தைத் தட்டினாள். "வாசல் பெஞ்சுல ஒரு பெரியவர் இருந்தார். செப்டிமஸ் கிராஃபோர்டோட குடும்பம் யாரையாவது தெரியுமான்னு கேட்டோம். தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டார். அவருக்கு என்ன ஆச்சுன்னு எங்களையே திருப்பிக் கேட்டார். எல்லாத்தையும் சொன்னோம். பலகையைக் கையில வாங்கி, விரல் வச்சுப் படிச்சார். அப்பறம்தான் சொன்னார், நான் அவனோட அண்ணன்னு."

அவள் பின்னால் என் அப்பா நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"எப்படியிருக்கே ஆல்ரிக்?" என்றார். "பெரியப்பாவ ஞாபகம் இருக்கா?"

அவர் என்னை வீட்டில் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ரிக் என்பார், கோபம் வந்தால் டேய் என்பார். நான் "இருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தையை அப்போதே விழுங்கியிருக்கலாம்.

பஸ்ஸில் ஏறும்போது சிப்ரியானோ அவரைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

"நீங்க வண்டிய எடுங்கய்யா" என்றார் அப்பா. "இவங்களுக்கு நேரமாகுது."

நாட்டின் மொழி ஸ்பானிஷ் என்றாலும், லிமோன் கறுப்பர்களான நாங்கள் வீட்டில் பேசுவது இங்கிலீஷ்தான் என்பதால் அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து நாற்பத்திரண்டாம் மேசைக்காரர்களோடு சரளமாகப் பேசிக்கொண்டு வந்தார். கப்பலில் என்ன சாப்பாடு என்று கேட்டார். யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று கேட்டார். சிரிப்பு வெடித்தது. நான் முன்னால் நின்று, ஒரு வாழைத்தாரில் எத்தனை சீப்பு இருக்கும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாலத்தில் ஆர்விலின் திருகாணிகள் இரும்புக் கம்பியில் இறங்கவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"கயிறு இருக்கா?" என்று அப்பா கேட்டார். சிப்ரியானோ வண்டியிலிருந்து ஒரு கயிறு எடுத்து வந்தான், என்னைப் பார்க்காமல். அப்பா குனிந்து, தன் பெயர் எழுதிய பலகையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. ஆர்வில் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"வேலை பாத்த எடத்துல" என்றார் அப்பா.

முப்பது பேரும் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். பிறகு வெர்னா என்னைப் பேசச் சொன்னாள். எல்லாரும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள், அப்பாவும்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். 'இவர்தான் என் அப்பா, நான் பொய்யன்' என்று சொன்னால் வேலை போயிருக்கும், சில பேர் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். நான் கதையைச் சொன்னேன். ரயில், பெட்டி, கரையில் நின்ற பையன். குரலை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கினேன். வெட்கக்கேடு என்னவென்றால், ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் மிக நன்றாகச் சொன்னேன். அப்பாவின் கண்களைத் தவிர மற்ற எல்லாக் கண்ணும் கலங்கியது.

வெர்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப வலிச்சிருக்குமா அவருக்கு?"

"இல்லம்மா. அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் பாட்டுக்கு உக்காந்திருந்தான்."

பிறகு அவரே எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். இந்தப் பையன் சொல்ல விட்டுட்டான். என் தம்பி துறைமுகத்துல வடம் பிடிச்சவன். நீங்க வந்தது மாதிரி எத்தனையோ கப்பலக் கட்டியிருக்கான். ஒண்ணுகூட அவுந்து போனதில்ல. மேல இருந்து பாத்தவங்களுக்கு அது தெரியாது. அதான் சொன்னேன்."

அவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டு வருடமாகிவிட்டது. நான் அந்தப் பாதையை விட்டு வாய்க்கால் படகுக்கு மாறிக்கொண்டேன். ஆனால் பலகை அங்கேயே இருக்கிறது. இப்போது வேறு வழிகாட்டிகள் பஸ்ஸை நிறுத்தி, பலகையைக் காட்டி, என் கதையை என்னைவிட விரிவாகச் சொல்கிறார்கள். போய் அவிழ்த்துவிட்டு வரலாம் என்று ஒருநாள் போனேன். முடிச்சு என் கைக்கு வரவில்லை. கத்தியால் அறுக்க மனமும் வரவில்லை. அப்பா இன்னும் கப்பல் நாளில் பெஞ்சுக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை போனால் சாப்பாடு போடுகிறார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு முறை நான் தொடங்கினேன். "மீன் ஆறிடும், சாப்பிடு" என்றார்.

பலகை கட்டிய அன்று மாலை துறைமுக வாசலில் நடந்ததை மட்டும் இதுவரை சொல்லாமல் தள்ளிப்போட்டேன்.

கப்பல் ஊதியாயிற்று. மற்றவர்கள் போய்விட்டார்கள். வெர்னா என்னைக் கட்டிக்கொண்டு, பிறகு அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்த உள்ளங்கையை ஒரு நொடி வியப்போடு பார்த்தாள்.

"இந்தப் பையனப் பாத்துக்குங்க" என்றாள். "பாவம், அப்பா இல்லாத பிள்ளை."

அப்பா என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்க்கவில்லை. எனக்காகக் காத்திருந்தார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெர்னாவும் நின்றாள். நான் சட்டையில் குத்தியிருந்த என் பெயர் அட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஆமாம்மா" என்றார் அப்பா. "அப்பா இல்லாத பிள்ளைதான்."