ரஷ்யப் படம் ஓடிய அமாவாசை

அழுகைப் படம் என்றாலே எனக்கு எரிச்சல். இருக்கிற அழுகை போதாதா? ஆனாலும் பர்மாவில், பபேடான் பேட்டையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், அந்த அமாவாசையன்று, நானேதான் ஒரு படத்தைப் போட்டு மாட்டிக்கொண்டேன்.

அண்ணனைப் பட்டாளத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்காகிவிட்டது. மழைக்கு முன்னால் ஒரு போன் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. அண்ணி பர்மாக்காரி. என் அம்மாவைத் தன் பாஷையில் 'அமே' என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் வழக்கப்படி, குடும்பத் தலைவர் எங்கே இருந்தாலும் பானையின் முதல் கரண்டிச் சோறு அவருக்குத்தான். அதை அண்ணனுடைய கிண்ணத்தில் எடுத்து வைத்த பிறகே அண்ணி எங்களுக்குப் போடுவார்.

அன்று அம்மா விரதம். யார் கிண்ணம் என்று கவனிக்காமல், காக்காவுக்கு வைக்கத்தான் மருமகள் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அந்தக் கிண்ணத்துச் சோற்றை அப்படியே வராந்தா விளிம்பில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டுவிட்டார். செத்துப்போனவர்களுக்கு வைக்கிற சோறு!

"ஐயோ அம்மா, அது அண்ணன் சோறு!" என்று கத்தினேன். அதற்குள் காக்கா கொத்தத் தொடங்கிவிட்டது. அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். வாழ வந்து இத்தனை வருஷத்தில் காக்காச் சோறு யாருக்கு என்று அவருக்குத் தெரியாதா? அன்று யாரும் சாப்பிடவில்லை.

மத்தியானம் கரண்ட் வந்தது. அண்ணியின் மனதை மாற்றலாமே என்று மடிக்கணினியில் ஒரு பழைய ரஷ்யப் படத்தைப் போட்டேன். கறுப்பு வெள்ளை; கீழே பர்மிய எழுத்து ஓடும். ஒரு பெண்ணும் பையனும் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக் காதல் படம் என்று நம்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நாட்டில் சண்டை மூண்டு, அவன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். தகவலே இல்லை. பதறிப்போய் நிறுத்தப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் தங்கச்சி. ஓடட்டும்."

என்ன படம் அது! சண்டை முடிந்து ரயில் வருகிறது. ரயிலடி முழுக்கக் கட்டிப்பிடித்து அழும் சனம். அவள் ஒவ்வொரு பெட்டியாகத் தேடுகிறாள். அவன் இனி வரமாட்டான் என்று அவனோடு பட்டாளத்தில் இருந்தவன் சொல்கிறான். அவள் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்கள். வசனமில்லை, பாட்டில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு முகத்துக்குள் இவ்வளவு இருக்குமா! கூட்டிப்போக ஆளில்லாமல் கை இழந்த சிப்பாய் ஒருவன் ஓரமாக நிற்கிறான். அவள் போய் அவன் மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வீடு எந்தப் பக்கம் என்று கேட்கிறாள். யார் பெற்ற பெண்ணோ, கும்பிடத் தோன்றியது.

படம் முடிந்ததும் அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போனார். எனக்குப் பயம், பின்னாலேயே போனேன். அம்மா அங்கே மூலையில் உட்கார்ந்திருந்தார். காக்கா வந்து போனதிலிருந்து மருமகள் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அண்ணி கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, கரண்டியோடு அம்மா கையில் கொடுத்தார்.

"அமே, நீங்க வைங்க. நீங்கதானே பெத்தீங்க."

அம்மா ஒரு கரண்டி வைத்தார். நிறுத்தவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கிண்ணம் நிரம்பிச் சிந்துகிற வரைக்கும் வைத்தார்.

"ஒரு கரண்டி எந்த மூலைக்கு? எம்புள்ள பசி தாங்க மாட்டான்டி" என்றார்.