பிரியாணி வேகும் முன் முடிந்த ஆட்டம்

நாங்கள் கிளப் ஆரம்பித்த வருஷம்தான் எனக்குக் கல்யாணமும் ஆனது. அதற்கு முன்னால் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிற நாங்கள் சிலர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். செல்போன் கடை வைத்திருந்த நண்பன்தான் கேப்டன். துபாயிலிருந்து வந்த அவனுடைய அண்ணன் இரண்டு பேட்டும் ஒரு ஜோடி பேடும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வேகத்தில் கிளப்புக்கு ஒரு பேர் வைத்து, முதுகில் எண் போட்ட பனியனும் தைத்து, தோல் வைத்துத் தைத்த ஸ்டிச் பால் ஆட்டத்துக்கு இறங்கிவிட்டோம். அந்தப் பந்து எப்படி வரும் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

வெளியூரில் முதல் ஆட்டம் சிதம்பரத்தில். என் மாமனார் வீடு அங்கேதான். பையன் கிரிக்கெட்டில் பெரிய ஆள், முதல் ஆளாக இறங்குவான் என்று பெண் பார்க்கப் போன அன்றே என் அம்மா சொல்லி வைத்திருந்தாள். மாமனார் அதை மறக்கவில்லை. நாள் முழுக்க நடக்கிற ஆட்டம்தானே, வீட்டு வேலையை முடித்துக்கொண்டு எல்லோருமாக வருகிறோம் என்று சொல்லியனுப்பினார். என் மனைவி முந்தின நாளே அங்கே போய்விட்டாள்.

டாஸ் ஜெயித்து நாங்கள் பேட்டிங் எடுத்தோம். முதல் பந்தை நான் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்டுத் திரும்பினால் நடு ஸ்டம்ப் கீப்பர் காலடியில் கிடந்தது. எங்களிடம் ஒரு ஜோடி பேடுதான் இருப்பதைப் பார்த்து எதிரணிக்காரர்களே இன்னொரு ஜோடி கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு போனவர்களும் போன சுருக்கில் திரும்பினார்கள். மொத்தம் பத்தொன்பது ரன். அதிலும் பாதி வைடு. அவர்கள் மூன்றாவது ஓவரிலேயே அதை அடித்து முடித்துவிட்டார்கள்.

மதியச் சாப்பாடு உள்ளூர் அணியின் பொறுப்பு. மைதானத்து ஓரத்தில் சமையல்காரர் அப்போதுதான் பிரியாணிக்கு அரிசியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். அவர்களுடைய கேப்டன் எங்களிடம் வந்து, சாப்பாட்டுக்கு டைம் ஜாஸ்தியா இருக்கு, ரெண்டு டீமையும் கலந்து சும்மா ஒரு மேட்ச் ஆடலாமா என்று மரியாதையாகக் கேட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் கேப்டன் தலையை மட்டும் ஆட்டினான்.

அந்தச் சும்மா ஆட்டம் நடக்கும்போதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து மாமனார், மாமியார், என் மனைவி மூவரும் குடையும் முறுக்குப் பையுமாக இறங்கினார்கள்.

“இன்னும் நீங்க எறங்கலயா மாப்ள?”

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் கேப்டன் முந்திக்கொண்டான். “இனிமேதான் மாமா. அடுத்து அவன்தான்.”

எனக்காகத்தான் சொன்னான். நான் குனிந்து பேடு வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

காலையில் என் ஸ்டம்பைப் பறக்கவிட்ட அதே பையன்தான் பந்து போட்டான். வந்திருப்பவர்கள் யாரென்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்தே மெதுவாகத் தூக்கிப் போட்டான். அடித்தேன், ஃபோர் போனது. அடுத்ததும் போனது. எல்லைக்கோட்டில் நின்றவன் பந்தைத் துரத்துவதுபோல் ஓடி, கோடு தாண்டும்வரை காத்திருந்தான். மாமனார் எழுந்து நின்று கைதட்டினார். மாமியாரும் தட்டினார். அவுட் ஆகிவிடலாம் என்று பந்தை மேலே தூக்கி அடித்தேன். கைக்கு வந்த கேட்ச்சைப் பிடிக்காமல் விட்டார்கள். அன்றைக்குக் காலையில் ஸ்டம்ப் பறந்தபோதுகூட நான் அவ்வளவு கூசிப்போகவில்லை.

சாப்பாட்டுக்கு என் வீட்டாரையும் விடாமல் உட்கார வைத்தார்கள். என் இலையில் கறி அதிகமாகவே விழுந்தது. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்தேன். கை கழுவப் போனபோது மாமனார் பின்னாலேயே வந்தார்.

“காலைல என்ன ஆச்சு மாப்ள?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“மொத பந்துலயே அவுட்டு மாமா. டீமே பத்தொம்போது ரன்னுதான்.”

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அந்தப் பையன் போட்டதப் பாத்தப்பவே தெரிஞ்சிது. என்ன பண்றது, கை தட்ட ஆரம்பிச்சிட்டேன். பாதில நிறுத்துனா உங்க அத்தைக்குத் தெரிஞ்சிடும்ல” என்றார். துண்டை என்னிடம் நீட்டினார். வாங்கி முகத்தை மூடிக்கொண்டேன்.

கடலூர் திரும்பும் வேனில் என் மனைவி இருந்ததால் பையன்கள் வாயே திறக்கவில்லை. குறிஞ்சிப்பாடிக்காரன் ஒருவனும் இன்னொருவனும் அந்த வாரமே டென்னிஸ் பாலுக்குத் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் ஷிப்ட் முடிந்து வந்து, பிட்ச்சில் கயிற்றுப் பாய் விரித்து, பந்து பட்டு உடம்பெல்லாம் கன்றிப்போகப் பழகினோம். அந்த சீசனில் எல்லா ஆட்டமும் தோற்றோம். ஆனால் கடைசி ஆட்டத்தில் ஒருவன் அரை சதம் அடித்தான். ஆட்டம் சாயங்காலம்வரை போனது, நானும் களைத்துப்போகிற அளவு ஆடினேன்.

அதை மனைவி அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த மேட்சுக்கு அவரும் வரலாமா என்று கேட்டாராம். எனக்கு டூட்டி இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். டூட்டி இல்லை என்பது அவளுக்கும் தெரியும். கிளப் இப்போது நன்றாகத்தான் ஆடுகிறது. அவரைக் கூப்பிட எனக்குத்தான் இன்னும் வாய் வரவில்லை.