ஏகாம்பரம் அடிக்காத ஏழுகள்

ஏகாம்பரத்தின் வெல்டர் எண்ணைத் திருடினார்கள். திருப்பித் தராமலே அவனைச் சாகவிட்டார்கள். நந்தனத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் மகள் போனில் சாவைச் சொன்னாள். அழுகை வரவில்லை. அந்த ஏழுகள் இன்னும் அங்கேதானே இருக்கின்றன என்றுதான் தோன்றியது.

அவனோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உருகி ஒட்டும் ராடு எது, எவ்வளவு கரண்ட், ராடை எப்படிச் சூடேற்றி உலர்த்துவது என்று ஒவ்வொரு வெல்டிங்குக்கும் எழுதிவைத்த முறை உண்டு. அதன்படி ஒரு தகட்டைப் பற்றவைத்து, அதை வளைத்தும் விரிசல் விடாவிட்டால்தான் வெல்டருக்கு எண். தான் வைத்த இணைப்பின் பக்கத்தில் அந்த எண்ணை, பஞ்ச் என்கிற எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் அடிப்பான். ஏகாம்பரம் ஏழு. அவன் பஞ்சில் ஏழின் கால் நுனி உடைந்திருக்கும்.

வேளச்சேரியில் ஒரு குடியிருப்புக்கு, கார்களை அடுக்கி நிறுத்தும் இரும்புச் சட்டம் செய்தோம். மழை. ராடெல்லாம் ஈரம்.

"அட்ஜஸ்ட் பண்ணு மச்சி" என்றார் கான்ட்ராக்டர்.

"ஈர ராடு உள்ள ஓட்டை வுடும் சார். மேல பாத்தா பொண்ணு மாதிரி அழகா கீது, நாளைக்குப் பொளந்துக்கும். என் நம்பரு போடமாட்டேன்."

வெளியே அனுப்பினார்கள். பஞ்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பஞ்ச் போனால் எண்ணும் கூடப் போகும் என்று நம்பினோம். வேறு வேலையாக ஒருநாள் அங்கே போனவன் அண்ணாந்து பார்த்திருக்கிறான். வரிசையாக ஏழுகள். எல்லாம் கால் உடையாத ஏழுகள். தேர்வுத் தகட்டையே தொடாத ஆட்கள் வைத்த இணைப்புகளின் பக்கத்தில் கான்ட்ராக்டர் வேறு பஞ்சால் அடித்தவை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் போய் அதன் அடியில் நின்றான்.

"இன்னா நைனா, இன்னிக்கும் பேய் பாக்க வந்தியா?" என்பான் வாட்ச்மேன்.

"நான்தான் நைனா பேயி. நான் இல்லாத எடத்துல என் நம்பரு வேலை செஞ்சிகினு கீது."

குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரிடம் நான் போய், இணைப்புகளைச் சோதிக்கச் சொன்னேன். "உங்க படிப்பு என்ன?" என்று கேட்டார். படிப்பு இல்லை. சோதனையும் நடக்கவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணா, அது வுழுந்தா ஏகாம்பரம் பத்த வச்சதுன்னுதான் சொல்லுவானுங்க."

ஆகவே, சங்கம் இன்றே அந்தச் சட்டத்திலிருந்து கார்களை இறக்க வேண்டும். கான்ட்ராக்டர் ஏழு என்று அடித்த ஒவ்வொரு இணைப்பையும் அல்ட்ராசோனிக் கருவி வைத்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கெட்டதை அறுத்து, தேறிய வெல்டர் மறுபடி வைத்து, தன் எண்ணைத் தானே அடிக்க வேண்டும். பொய் ஏழுகளைத் தேய்த்து அழிக்க என்னைக் கூப்பிட வேண்டும். அவன் விட்டுப்போன, கால் உடைந்த பஞ்ச் என் சட்டைப்பையில் இருக்கிறது. கூப்பிடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வருவேன். அவன் நின்ற இடத்தில் நிற்பேன்.