லோபாங்குக்குப் போனவர்

என் மகள் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள், எல்லாம் மலாயில். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவளிடம் எதையும் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒருநாள் அவள் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்த படத்தில் ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் நெருப்பு. அது என்ன என்று கேட்டுவிட்டேன்.

"லோபாங் ஹித்தாம். தமிழ்ல கருந்துளைம்மா," என்றாள்.

உள்ளே போன வெளிச்சம்கூட வெளியே வராதாம். உள்ளே போனவன் எந்தப் பக்கம் ஓடினாலும் நடுவுக்குத்தான் போய்ச் சேருவானாம். நாளைய பொழுதை விட்டு யாராவது ஒதுங்கிப் போக முடியுமா, அந்த நடுவும் அப்படித்தானாம். விழுகிறவனுக்கு முதலில் தன் பாரமே தெரியாது. ஆழத்தில்தான் தலையைவிடக் காலை அதிகமாக இழுத்து, ஆளை மீ நூடுல்ஸ் மாதிரி நீட்டிவிடுமாம்.

திரும்பி வரமுடியாத அந்த எல்லையைத் தாண்டும்போது அவனுக்குத் தெரியாதா என்றேன்.

"பெரிய குழியா இருந்தா தெரியாதும்மா. அங்க கோடு ஒண்ணும் போட்டிருக்காது. வெளிய நின்னு பாக்குறவங்களுக்கு அவன் விளிம்பிலேயே நிக்கிற மாதிரி இருக்கும். செவந்து செவந்து மங்கிப் போவான். உள்ள போனதை மட்டும் பாக்கவே முடியாது."

நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். லோரி ஓட்டியவர், கொஞ்ச காலமாக ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. லோபாங் என்றால் மலாயில் குழி. ஆனால் லோரிக்காரர்கள் பேச்சில், கைக்கு வரும் வேலை. அந்த ஒரு சொல்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. எங்கே லோபாங், யார் கூப்பிட்டது என்று கேட்டார்.

"அந்த லோபாங்குக்கு லைசென்ஸ் வேணாம்பா. திரும்பி வர ரோடுதான் இல்ல," என்று மகள் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் சட்டை மாட்டி, தலை வாரி, இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். லோரி வருமாம். மகள் பூட்டு வாங்கிப் போட்டாள். எனக்கு ஒரே பயம், அடுக்குமாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டால் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று.

ஒரு சாயங்காலம் காய்ந்த துணி எடுக்கக் கதவைத் திறந்தவள் பூட்ட மறந்துவிட்டேன். துணியோடு திரும்பினால் ஆளில்லை. எட்டிப் பார்த்தேன். கீழே, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, பெரிய ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். லிஃப்டில் இறங்கி ஓடினேன். மூட்டு வலி என்று என் தோளில் சாய்ந்தே நடப்பவர், கால் தரையில் படாத மாதிரிப் போனார். எங்கள் ஜெலுத்தோங் பக்கத்தில் அந்த நேரத்துக்கு பஸ்ஸும் லோரியும் நிற்காமல் ஓடும்.

"ஏங்க," என்றேன். காப்பிக் கடையில் இருந்த ஆம்பளைகள் எல்லாரும் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. சொன்னேன். வேறு யாரோ கூப்பிட்டது போலத்தான் என் காதில் கேட்டது.

நின்றார். வெகுநேரம் அப்படியே நின்றார். வெயில் சிவந்து அவர் முதுகில் கிடந்தது. பிறகு திரும்பி, முன்பின் தெரியாத பொம்பளையிடம் பேசுகிற மரியாதையோடு என்னைப் பார்த்தார்.

"அவரத் தேடுறீங்களாக்கா? அவரு அப்பவே லோபாங்குக்குப் போயிட்டாரே."

எப்போது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை என்றார்.

அவர் வந்துவிடுவார், வீட்டில் வந்து இருங்கள் என்றேன். தயங்கித் தயங்கி வந்தார். சிலிப்பரை வெளியே ஓரமாகக் கழற்றி வைத்தார். தன் நாற்காலியின் நுனியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். எதிரில் நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.