மடவைக்குப் போட்ட சோறு

மடவை மீனுக்குச் சோறு வேண்டும். மண்புழுவைக் கோத்துப் போட்டால் கெளுத்திதான் வந்து மாட்டும். கழற்றும்போது கையில் முள்ளையும் ஏற்றிவிடும். சோற்றைப் பெலாச்சான் என்கிற இறால் விழுதோடு பிசைந்து உருட்டித் தூண்டிலில் செருகினால் மடவை கும்பலாக மேலே வரும். கோலசிலாங்கூர் ஆற்று முகத்தில் தூண்டில் போட்ட எல்லோருக்கும் இது தெரியும். அவசரகாலச் சட்டம் போட்ட வெள்ளைக்காரர்களுக்குத்தான் தெரியாது.

அப்போது எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம். அதனால் கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு போகக்கூடாது. பால் வெட்டப் போகிறவனும் வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாஸ் வாங்கிக்கொண்டு நானும் என் தங்கை புருஷனும் கடலுக்குப் போவோம். அந்த ஒரு நாளும் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். மிகையாகச் சொல்லவில்லை.

தீபாவளியை ஒட்டிய வாரங்கள்தான் மடவைக்கு நல்ல காலம். மேலே மழை பெய்து, ஆறு பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இறங்கும். ஏற்றத்தில் கடல் தண்ணீர் எதிரே வரும். இரண்டும் முட்டுகிற இடம் கோடு போட்டதுபோலத் தெரியும். அந்தக் கோட்டில் சம்பான் படகை நிறுத்தினால் போதும், சினை மடவையாக ஏறும். காலையில் காற்றே இருக்காது. மத்தியானத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வரும்; அதற்குள் கரையேறிவிட வேண்டும். சம்பான் ஒரு மலாய்க்காரருடையது. அவருக்கும் மீனில் பங்கு கொடுப்போம். அதில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

சோறு கொண்டுபோகும் யோசனையே மச்சானுடையதுதான்.

"பெலாச்சான நல்லா போட்டுப் பெசஞ்சிடு மச்சான். அந்த நாத்தத்துக்கு எவன் டின்ன தொறந்து பாப்பான்? ஒண்ணும் ஆவாது லா, நான் இருக்கேன்ல."

இரண்டு பேர் டின்னிலும் சோறுதான். கேட்டில் காவல்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டுவார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நடப்போம்.

ஒரு ஞாயிறு அதே காவல்காரர் என் டின்னைக் கேட்டு வாங்கினார். மூக்கைப் பிடிக்கவில்லை. நேராக உருண்டையைக் குச்சியால் உடைத்தார். உள்ளே பருக்கை பருக்கையாகச் சோறு.

"இது யாருக்குடா, காட்டுக்கா?"

"மீனுக்குங்க ஐயா. மச்சானையே கேளுங்க, ரெண்டு பேரும் இதத்தான் போடுவோம்."

மச்சான் தன் டின்னைத் திறந்து காட்டினான். அவித்துப் பிசைந்த மரவள்ளிக்கிழங்கு. போன வாரம்வரை சோறு கொண்டுவந்தவன் அன்றைக்கு மட்டும் கிழங்கு கொண்டுவந்திருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் கெழங்குதான் போடுறது" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். நான் அந்தக் குழிக்குள் நின்றுகொண்டு, இன்னும் அவன் எனக்காக ஏதாவது பேசுவான் என்று காத்திருந்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிகிறது.

லோரியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அடியும் உண்டு. தோட்டத்துத் துரை சொல்லி விட்டுவிட்டார்கள். ஆனால் அவசரகாலம் முடியும்வரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை பாஸ் கிடையாது என்றார்கள். கடல் போயிற்று.

அடுத்த ஞாயிறு வேலியோரம் நின்று பார்த்தேன். மச்சானோடு தூண்டிலும் டின்னுமாகப் போனவன், எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரின் தம்பி. சம்பானில் என் இடம் அவனுக்கு. அந்த மாதமே மச்சானுக்கு லயத்துக்குப் பக்கத்தில், மேடு பள்ளமில்லாத இடத்தில் பால் வெட்டும் வேலை கிடைத்தது. இதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் தங்கை இரண்டு மடவையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. என் மனைவி மீனைக் கழுவ உட்கார்ந்தாள்.

"இங்க வந்து பாருங்களேன்" என்றாள்.

செவுளைத் தூக்கியிருந்தாள். மீனின் தொண்டையில் முழுங்காத இரை அப்படியே இருந்தது. விரலால் எடுத்துத் தேய்த்தாள். பெலாச்சான் நாற்றம். கிழங்கு இல்லை, சோறு.

அதே கேட்டில், அதே காவல்காரரைத் தாண்டிப் போன சோறு. மீனை நறுக்கட்டுமா வேண்டாமா என்று மனைவி என் முகத்தையே பார்த்தாள். பூனைக்குப் போடச் சொன்னேன்.